ரேடியோவில் பேசுகிறவர் டிவியில் சிரிக்க வைப்பது: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சிறிய சமூக வானொலியில் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறேன். சம்பளம் கிடையாது, பெட்ரோல் காசும் கிடையாது. சனிக்கிழமைகளில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் என்னைச் சுற்றி வருகிற பேச்சு ஒன்றுதான். நகைச்சுவையாளர் ட்ரெவர் நோவா ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த பையன்தானே, டிவிக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வரை போய்விட்டாரே, நம் பிள்ளைகளுக்கு அந்த வழி உண்டா என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரெவர் நோவா உண்மையிலேயே ரேடியோவில் இருந்தவரா?

ஆமாம். 1984 பிப்ரவரி 20 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அம்மா கோசா இனத்தவர், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். வெள்ளையரும் கறுப்பரும் உறவு கொள்வதே அப்போது இந்த நாட்டில் குற்றம். அந்தத் தடை 1985-இல்தான் நீங்கியது. நிறவெறிக் காலம் முடிந்தபின், 1997-இல், ஒய்எஃப்எம் என்ற இளைஞர் வானொலி ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கியது. அதில் அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு நோவாவின் பேழை என்று பெயர். ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான். ஆனால் நம் வேதாகமத் தமிழிலும் அவர் நோவாதான் என்பதால் சிலேடை சேதமில்லாமல் கரை சேர்ந்துவிடுகிறது. மொழிபெயர்க்கிறவனுக்கு இந்த அதிர்ஷ்டம் எப்போதாவதுதான் அடிக்கும்.

டிவியில் அவர் முகம் தெரிந்தது பதினெட்டு வயதில், 2002-இல், ஒரு நெடுந்தொடரில் சின்ன வேடம். அடுத்த சில வருடங்களில், நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசியின் இரண்டாம் சேனலில் ஒரு கல்வி நிகழ்ச்சியின் தொகுப்பாளர். 2008-இல் நடனப் போட்டியில் போட்டியாளர். 2009-இல் தனி ஆளாக மேடை நிகழ்ச்சி. 2010-இல் எம்-நெட் என்ற டிவி சேனலில் அவர் பெயரிலேயே இரவு நிகழ்ச்சி. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஜே லெனோவின் நிகழ்ச்சியில் தோன்றினார். அங்கே நின்ற முதல் தென்னாப்பிரிக்க நகைச்சுவையாளர் அவர்தான். 2014 டிசம்பரில் டெய்லி ஷோ என்ற அமெரிக்க அரசியல் நகைச்சுவை நிகழ்ச்சியில் பங்களிப்பாளர். ஒன்பது மாதம் கழித்து, 2015 செப்டம்பர் 28 அன்று, அதன் தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்தார்.

அப்படியென்றால் ரேடியோவிலிருந்து நேராக டிவி நகைச்சுவைக்குப் போய்விடலாமா?

மேலே உள்ள வரிசையை இன்னொரு முறை பாருங்கள். நடுவில் மேடை இருக்கிறது. கல்வி நிகழ்ச்சி, நடனப் போட்டி, விருது விழா என்று கிடைத்த டிவி வேலையையெல்லாம் அவர் செய்துகொண்டிருந்த அதே வருடங்களில் இரவுகளில் மேடையில் நின்று ஜோக் சொல்லிக்கொண்டும் இருந்தார். ரேடியோ வேலை பேர் வாங்கித் தந்திருக்கும். டிவி வேலை முகத்தைத் தெரிய வைத்திருக்கும். ஒரு மணி நேரம் ஒரு கூட்டத்தைப் பிடித்து வைக்கிற தெம்பு மேடையில்தான் வரும். நம் பெற்றோர்களுக்கு இந்த நடுப்பகுதி கண்ணில் படுவதே இல்லை. ஆரம்பத்தையும் முடிவையும் பார்த்துவிட்டு, "என் பையனும் நன்றாகத்தான் பேசுவான்" என்று வருகிறார்கள்.

சரி, ரேடியோ அப்படி என்னதான் சொல்லிக் கொடுக்கிறது?

முதலில், சுருக்கமாகப் பேச. ஒரு பாட்டை ஓடவிட்டதும் எங்கள் திரையில் அதன் முன்னிசை எத்தனை விநாடி என்று காட்டும். 14, 13, 12 என்று இறங்கிக்கொண்டே வரும். பாடகர் வாய் திறப்பதற்குள் நான் வாயை மூட வேண்டும். ஒரு விநாடி பிந்தினால் அவர் குரல்மேல் என் குரல் ஏறி, கேட்கிறவர் காதில் மணல் விழுந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு விநாடி முந்தினால் என்னவோ குறைகிறது. நான் முதல் ஆறு மாதம் வாரம் தவறாமல் பிந்தினேன். அப்புறம் ஒரு நாள் புரிந்தது. வேகமாகப் பேசிப் பயனில்லை, வாக்கியத்தில் தேவையில்லாத சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். ஜோக் எழுதுகிறவர்களும் இரவெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. ரேடியோவில் சிரிப்புச் சத்தம் வராது. நீங்கள் ஒரு ஜோக் சொல்கிறீர்கள், பதிலுக்கு ஏர்கண்டிஷனர் உறுமுகிறது. யாராவது சிரித்தார்களா, நிலையத்தை மாற்றிவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. இந்த மௌனத்துக்குப் பயந்து சிலர் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். கேட்டிருப்பீர்கள், ஹிஹி என்று ஒரு சிரிப்பு. அது பயத்தின் சத்தம்.

எங்கள் நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப் பலகையைப் பார்த்துக்கொள்வது ஒரு ஜூலு இளைஞன். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒரு ஞாயிறு, பூரி சுட்ட கதை ஒன்றை நான் சொல்லி முடித்த இடத்தில் அவன் தோள் குலுங்கியது. பாட்டு ஓடும்போது கேட்டேன்: "உனக்கு என்ன புரிந்தது?" அவன் சொன்னான்: "ஒன்றும் புரியவில்லை அங்கிள். ஆனால் இங்கே சிரிப்பு வர வேண்டும் என்று உங்கள் குரல் சொன்னது." அன்றிலிருந்து அவன் தோள்தான் எனக்குத் தராசு. சொல் சரியாக இருந்து இழுப்பு தவறினால் அவன் அசைய மாட்டான்.

மூன்றாவது, கொட்டிக் கொடுக்கிற பழக்கம். காலை நிகழ்ச்சி ஆறு மணி முதல் ஒன்பது வரை என்று வையுங்கள். மணிக்கு ஆறு முறை பேசினால் நாளைக்குப் பதினெட்டு, வாரத்துக்குத் தொண்ணூறு. தொண்ணூறும் நன்றாக இருக்காது. பத்து தேறினால் பெரிய விஷயம். ஆனால் வாரா வாரம் தொண்ணூறு முறை எதையாவது தேடிப் பிடிக்கிறவனுக்கு, தெருவில் நடக்கும்போதே கண் வேறு மாதிரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும். ராபாட்டில், அதாவது போக்குவரத்து விளக்கடியில், நின்று பழம் விற்கிறவர் என்ன சொன்னார், காவடிக்கு வந்த மாமா எந்தச் செருப்பைத் தொலைத்தார் என்று ஒன்றும் தப்பாது.

இதிலேயே ஒரு கெடுதலும் இருக்கிறது. ரேடியோக்காரர் நேற்றுச் சொன்னதை இன்று சொல்ல வெட்கப்படுவார். மேடைக்காரர் ஒரே ஜோக்கை நூறு இரவு சொல்லி, நூற்றியொன்றாம் இரவில் ஒரு சொல்லை இடம் மாற்றிவைத்து மகிழ்வார். ரேடியோவிலிருந்து போகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். திரும்பச் சொல்ல அவர்களுக்குப் பொறுமை இல்லை.

நல்ல ரேடியோக்காரர்கள் டிவியில் சொதப்புவது ஏன்?

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஸ்டூடியோவில் நாம் உட்கார்ந்து, கண்ணைக் காகிதத்தில் வைத்து, முகத்தை எப்படி வேண்டுமானாலும் சுளித்துக்கொண்டு பேசிப் பழகியவர்கள். குரல் மட்டும்தான் வெளியே போகிறது. டிவியில் முகம் முதலில் போய்ச் சேருகிறது, குரல் பின்னால் வருகிறது. ஜோக் முடிவதற்கு முன்பே புருவம் அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இன்னொன்று, டிவி தனி ஆள் வேலை இல்லை. டெய்லி ஷோ மாதிரி நிகழ்ச்சிகளில் எழுத்தாளர் கூட்டமே இருக்கும். காலையில் செய்தியை அலசி, பகலில் எழுதி, வெட்டி, மாலையில் பதிவு செய்வார்கள். தன் வாய்க்குத் தானே ராஜாவாக இருந்த டிஜேவுக்கு, அடுத்தவர் எழுதிய வரியைத் தன் வரி மாதிரி சொல்ல வராது. வந்தாலும் மனசு ஒப்பாது.

இந்த நாட்டில் ரேடியோக்காரர்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

தென்னாப்பிரிக்காவில் டிவி ஒளிபரப்பு முறைப்படி தொடங்கியது 1976 ஜனவரி 5. இவ்வளவு தாமதமானது பணம் இல்லாத நாடு என்பதால் அல்ல. ஆல்பர்ட் ஹெர்ட்ஸாக் என்று தபால் தந்தி அமைச்சர் ஒருவர் 1958 முதல் பத்து வருடம் அந்தப் பதவியில் இருந்துகொண்டு, டிவி வந்தால் சமூகம் கெட்டுவிடும், கறுப்பர்களுக்கு வேண்டாத எண்ணங்கள் வரும் என்று மறித்துக்கொண்டே இருந்தார். அதனால் மற்ற நாடுகளில் டிவி பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே ரேடியோ கேட்டு வளர்ந்தது. இன்றைக்கும் டாக்சியிலும் கடையிலும் சமையலறையிலும் ரேடியோதான் ஓடுகிறது.

ரேடியோவிலிருந்து சிரிப்புக்குப் போன பாதையை ட்ரெவருக்கு முன்பே நடந்தவர் லியோன் ஷுஸ்டர். எஸ்ஏபிசியின் ஆப்பிரிக்கான்ஸ் வானொலியில் குரலை மாற்றிப் பேசி ஆட்களை ஏமாற்றும் குறும்பு நிகழ்ச்சி நடத்தி, பிறகு 1980-களில் மறைத்து வைத்த கேமராவோடு சினிமாவுக்குப் போனவர். கறுப்பர், இந்தியர் என்று முகத்தில் சாயம் பூசி வேடம் கட்டுவது அவர் பாணி. நாடே சிரித்தது. நாமும்தான் சிரித்தோம், மறைப்பானேன். 2020-இல் ஷோமேக்ஸ் என்ற இணையப் படத் தளம் அவருடைய சில படங்களைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ரேடியோவில் குரலை மட்டும் மாற்றியபோது விளையாட்டாகத் தெரிந்தது, அதற்கு முகம் கட்டியதும் அசிங்கமாகத் தெரிந்தது. இதை மனதில் வையுங்கள், உச்சரிப்பு பற்றிய கேள்வியில் திரும்ப வரும்.

நமக்கென்று ரேடியோ எப்போது வந்தது?

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாக வந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கென்று எஸ்ஏபிசி தனி வானொலி தொடங்கியது 1983-இல். ரேடியோ லோட்டஸ் என்று பெயர், பிறகு லோட்டஸ் எஃப்எம் ஆனது. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம், பாட்டு இந்தி, தமிழ், தெலுங்கு. நம் வீடுகளும் அப்படித்தானே.

2016-இல் எஸ்ஏபிசி தன் எல்லா வானொலிகளும் 90 விழுக்காடு உள்நாட்டு இசையே ஒலிபரப்ப வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டது. நோக்கம் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் சென்னையிலும் மும்பையிலும் பதிவான பாட்டுகளால் உயிர் வாழ்கிற லோட்டஸ் என்ன செய்யும்? டர்பன் நேயர்கள் வெளிப்படையாகவே சண்டை போட்டார்கள். அடுத்த வருடம் அந்த உத்தரவு கைவிடப்பட்டது. அந்த ஒரு வருடம் எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டியது. பாட்டு மாறியதும் சிலர் நிலையத்தை மாற்றினார்கள். சிலர் மட்டும், "பாட்டு போனால் போகட்டும், அந்தப் பெண் பேசுவதைக் கேட்கணும்" என்று இருந்தார்கள். பாட்டில்லாமலும் ஆளைப் பிடித்து வைக்கிற அந்த மாதிரிப் பேச்சுக்காரர்தான் மேடைக்கும் போகலாம்.

டர்பன் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது. பெரும்பாலும் அம்மாக்கள் கேட்பார்கள், பையன் பக்கத்தில் தலை குனிந்து நிற்பான்.

நம் ஆங்கிலம் ஒரு தனிச் சரக்கு. "வாட் கைண்ட்" என்று நலம் விசாரிக்கிறோம். பணக்காரரை லானி என்கிறோம். கூழ் ஊற்றுவதைப் பாரிட்ஜ் பிரேயர் என்கிறோம். சாட்ஸ்வர்த்தில் ஐயோ என்பது ஆங்கிலச் சொல். கேப்டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்திரி இந்த ஆங்கிலத்துக்கு ஓர் அகராதியே தொகுத்திருக்கிறார். இதை மேடைக்குக் கொண்டுபோனதும் புதிதல்ல. டர்பனின் கேட்டோ மேனரில் வளர்ந்த நாடகாசிரியர் ரோனி கோவெந்தர் 1970-களிலேயே கரும்புத் தோட்டத்துப் பக்கம் மதுக்கடையில் ஆட்கள் பேசுகிற பேச்சை அப்படியே நாடகமாக்கினார். மண்டபம் மண்டபமாக ஜனம் கூடியது. 2017-இல் சாட்ஸ்வர்த்தில் நடக்கிற ஒரு நகைச்சுவைப் படம் வந்து, அதற்கு மூன்று தொடர்ச்சிகளும் வந்துவிட்டன. ஆகவே உச்சரிப்பை ஒளிக்க வேண்டாம்.

ஆனால் உச்சரிப்பையே ஜோக்காக விற்காதீர்கள். பல வருடம் முன்னால் நானே ஒரு டிவி தேர்வுக்கு ஜோகன்னஸ்பர்க் போனேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். நான் மூன்று நிமிடக் கதை ஒன்றைத் தயார் செய்திருந்தேன், தாத்தாவின் சைக்கிள் பற்றியது. முதல் வரியிலேயே ஓர் அம்மணி கையைத் தூக்கி நிறுத்தி, "அழகாக இருக்கிறது, இதையே இன்னும் இந்தியத்தனமாகச் சொல்ல முடியுமா? தலையையும் கொஞ்சம் ஆட்டுங்கள்" என்றார். ஆட்டினேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல், ஆட்டினேன் என்பது. அறையில் எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிள் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

ட்ரெவர் நோவாவும் உச்சரிப்புகளை வைத்துத்தான் பிழைக்கிறார், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவர் கோசா, ஜூலு, சோத்தோ, ஆப்பிரிக்கான்ஸ் எல்லாம் பேசுகிறவர். அந்தந்த மொழிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வாங்கிய குரல்கள் அவை. அவர் பாட்டியாகப் பேசும்போது அந்தப் பாட்டிக்கு ஒரு கருத்து இருக்கும், ஒரு பிடிவாதம் இருக்கும். உங்கள் ஆயாவின் குரலைச் செய்யுங்கள். ஆயா என்ன நினைக்கிறாள் என்பது தெரிந்த பிறகு செய்யுங்கள். அவள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதும் செய்ய முடிந்தால், டிவியில் செய்யலாம்.

தமிழிலேயே செய்தால் கேட்க ஆள் இருக்கிறதா?

உண்மையைச் சொல்கிறேன், குறைவு. தமிழ் வீட்டுப்பேச்சாக இருந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. 1996 அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில், மதிக்கப்பட்டு வளர்க்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இல்லை. முழுக்கத் தமிழில் ஒரு மணி நேரம் மேடையில் நின்றால் முன்னிரண்டு வரிசை சிரிக்கும், பின்னால் இருப்பவர்கள் பக்கத்து ஆளிடம் அர்த்தம் கேட்பார்கள்.

ஆனால் ஆங்கிலத்தின் நடுவே சரியான இடத்தில் விழுகிற ஒரு தமிழ்ச் சொல்லுக்கு மண்டபம் முழுக்கச் சிரிக்கும், தமிழ் தெரியாதவரும் சேர்ந்து. "சீ, போடா" என்பதற்கு யாருக்கும் உரை வேண்டியதில்லை.

சென்னை ஆர்ஜேக்கள் போகிற பாதையும் இதுவும் ஒன்றா?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆர்ஜே பாலாஜி ஃபோனில் ஆட்களைக் கலாய்த்துப் பேர் வாங்கி சினிமாவுக்குப் போனார். மிர்ச்சி சிவா பெயரிலேயே வானொலியைச் சுமக்கிறார். மா கா பா ஆனந்த் ரேடியோவிலிருந்து விஜய் டிவிக்கு வந்தவர். அதற்கும் முன்னால், எங்கள் வயதுக்காரர்களுக்கு, இலங்கை வானொலியிலிருந்து சன் டிவிக்கு வந்த அப்துல் ஹமீது. குரலைக் கேட்டாலே கை தானாகக் கடிதம் எழுதப் பேனா தேடும்.

வேறுபாடு எங்கே என்றால், இந்தியாவில் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அதனால் அங்கே ஆர்ஜேயின் சிரிப்பு சினிமாவையும் காதலையும் டிராஃபிக்கையும் சுற்றியே வந்தது, அடுத்த படி சினிமாவாக இருந்தது. இங்கே சமூக வானொலியில்கூடச் செய்தி உண்டு, மின்வெட்டைத் திட்டலாம், அமைச்சரைக் கிண்டலடிக்கலாம். அதனால் இங்கிருந்து போகிற பாதை அரசியல் நகைச்சுவைக்குச் சுலபமாகத் திரும்புகிறது. டெய்லி ஷோவில் ட்ரெவர் செய்ததும் அதுதான்.

வருமானம்?

வேறு வேலை ஒன்று கைவசம் இருக்கட்டும். பெரிய நிலையங்களிலும் டிஜேக்கள் பெரும்பாலும் வருட ஒப்பந்தக்காரர்கள்தான், நிரந்தர ஊழியர்கள் இல்லை. நிகழ்ச்சி வரிசை மாற்றம் வழக்கமாக ஏப்ரல் 1-ஆம் தேதி வரும். முட்டாள்கள் தினத்தன்று வேலை போகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எதைச் சொன்னால் வம்பு?

அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. அதே பிரிவு மூன்றை விலக்கியும் வைக்கிறது: போருக்கான பிரசாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுதல், இனம், பால், மதம் இவற்றின் பேரில் வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டுவது. ஒலிபரப்பானதைப் பற்றிப் புகார் சொல்ல 1993 முதல் தனி ஆணையமும் இருக்கிறது. ஒரு நேயர் மனம் புண்பட்டது என்று எழுதினால் நிலையம் பதில் சொல்ல வேண்டும். சின்ன நிலையமாக இருந்தால் அதற்கு முன்பே உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஆனால் நடைமுறையில் நம்மைக் கவிழ்ப்பது சட்டமே அல்ல, பழைய எழுத்துதான். 2015 மார்ச் 30 அன்று டெய்லி ஷோவுக்கு ட்ரெவர் பெயரை அறிவித்தார்கள். மறுநாளே அவர் வருடக்கணக்கில் ட்விட்டரில் போட்டுவைத்த ஜோக்குகளை, யூதர்களைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் எழுதியவற்றை, ஆட்கள் தோண்டி எடுத்துவிட்டார்கள். நிறுவனம் அவர் பக்கம் நின்றது. எல்லோருக்கும் நிற்காது. ரேடியோவில் சொன்னது காற்றோடு போய்விடும் என்று நம்பிய தலைமுறை நாங்கள். இன்றைக்குக் காற்றையும் யாரோ பதிவு செய்துகொண்டிருக்கிறார்.

நம் ஊர் வம்பு வேறு ரகம். நான் ஒரு முறை மைக்கை மூட மறந்து, கோயில் சுண்டலில் உப்பில்லை என்று சொன்னது ஒலிபரப்பாகிவிட்டது. எந்த ஆணையத்துக்கும் புகார் போகவில்லை. மூன்று வாரம் எனக்கு யாரும் சுண்டல் தரவில்லை.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

அனுப்புங்கள். இங்கே மேடையிலும் திரையிலும் பேர் வாங்கிய நம் பெண்கள் இருக்கிறார்கள். நிகழ்ச்சி முடிய இரவு பதினொன்றாகும், வீடு திரும்ப வண்டி வேண்டும். அண்ணனோ அப்பாவோ போய்க் கூட்டிவரட்டும். "பெண் பிள்ளை இவ்வளவு வாய் பேசலாமா" என்று கேட்கிற அத்தையைப் பற்றி அவள் முதல் ஐந்து நிமிடத்தை எழுதிவிடலாம்.

என் பையனுக்குப் பதினாறு வயது. எங்கே தொடங்குவது?

சமூக வானொலியில். எப்போதும் ஆள் பற்றாக்குறைதான், கேட்டால் பெரும்பாலும் உள்ளே விடுவார்கள். முதலில் தபால் பிரிப்பான், ஃபோன் எடுப்பான். ஃபோன் எடுப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நிகழ்ச்சிக்கு வருகிற அழைப்பை முப்பது விநாடியில் எடைபோட்டு, இவரைக் காற்றில் விடலாமா கூடாதா என்று முடிவு செய்கிறவன் மனிதர்களைக் கற்றுக்கொள்கிறான்.

கூடவே ஒவ்வொரு நிகழ்ச்சியையும் பதிவு செய்து திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். முதல் முறை கேட்பது கொடுமை. நான் "வந்து" என்ற சொல்லை ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை சொல்லியிருந்தேன், எண்ணினேன். பிறகு ஐந்து நிமிடம் மேடை. சூதாட்ட விடுதிகளின் பெரிய அரங்குகளுக்கு ஆசைப்பட வேண்டாம். பள்ளிக்கூட நிதி திரட்டலும் கோயில் மண்டபமும் போதும். அங்கே குழந்தை அழும், பிரியாணி எப்போது என்று ஒருவர் கேட்பார், மைக் கீச்சிடும். அதற்கு நடுவே பத்துப் பேர் திரும்பிப் பார்த்தால் அது பெரிய வெற்றி.

ட்ரெவர் அவ்வளவு பெரிய இடத்தை ஏன் விட்டுவிட்டார்?

2022 டிசம்பர் 8 கடைசி நிகழ்ச்சி. ஏழு வருடம் போதும், ஊர் ஊராய்ப் போய் மேடையில் நிற்க ஆசையாக இருக்கிறது என்கிற பொருளில்தான் பேசினார். எனக்கு அதைவிட அவருடைய 2020 பிடிக்கும். மார்ச்சில் கொரோனாவால் ஸ்டூடியோ மூடியது. அவர் தன் வீட்டிலிருந்தே, ஒரு சாதாரண மேல்சட்டையில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல் நிகழ்ச்சியை நடத்தினார். 2021 செப்டம்பரில் ஸ்டூடியோவுக்குத் திரும்பியபோதும் கூட்டம் கிடையாது. 2022 ஏப்ரலில்தான் ஆட்களை உள்ளே விட்டார்கள். இரண்டு வருடம், சிரிப்புச் சத்தமே இல்லாமல். மற்ற இரவு நிகழ்ச்சிக்காரர்கள் சிலர் அந்த மௌனத்தில் தவித்ததைப் பார்த்திருப்பீர்கள். இவர் குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். ரேடியோவில் இருந்தவருக்கு அது பழகிய அறை. என் ஊகம்தான், ஆனால் அந்தக் காணொளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ஞாயிறு காலை நிகழ்ச்சி மாதிரியே இருக்கும். டெய்லி ஷோவை விட்ட அடுத்த வருடமே அவர் ஒரு பாட்காஸ்டும் தொடங்கிவிட்டார்.

நீங்கள் ஏன் டிவிக்குப் போகவில்லை?

தலையாட்டிய கதையைத்தான் சொன்னேனே. அதற்கப்புறம் ஒரே ஒரு முறை மேடை ஏறினேன், எங்கள் கோயில் நிதி திரட்டலுக்காக. ஐந்து நிமிடம். ரேடியோவில் அந்த ஜூலுத் தம்பியின் தோளையே குலுக்கிய பூரிக் கதையைச் சொன்னேன். குரல் சரியாகத்தான் இருந்தது. கை இரண்டும் என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது. மண்டபம் அப்படியே உட்கார்ந்திருந்தது. முன் வரிசையில் ஓர் ஆயா, காது கொஞ்சம் மந்தம், பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் என்று நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"ரேடியோவுல நல்லாத்தான் பேசுவான், பாவம்."

அன்றைக்கு விழுந்த ஒரே சிரிப்பு அதற்குத்தான்.